சிரித்தால்தான் எடுக்கும்

அக்காவின் கணவர் கேமரா வாங்கப் போனால் கேமராவைப் பார்க்க மாட்டார். அட்டைப்பெட்டியைத்தான் பார்ப்பார். பெட்டியின் மேல் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதுதான் அவருக்கு உசத்தி. அன்றும் கடையில் அப்படித்தான் நின்றார். பக்கத்தில் அக்கா. சற்றுத் தள்ளி, கைக்குட்டையால் வாயின் வலது ஓரத்தை மறைத்தபடி அக்காவின் தங்கை, சின்னவள்.

விற்பனையாளர் இரண்டு கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். இரண்டுமே சட்டைப்பைக்குள் அடங்குகிறவை.

"இது பன்னிரண்டு மெகாபிக்சல் சார். ஆனா உள்ள சென்சார் பெருசு, லென்ஸ் வழியா நிறைய வெளிச்சம் போகும். வீட்டுக்குள்ள ஃப்ளாஷ் இல்லாமலே எடுக்கலாம். அது இருபது மெகாபிக்சல். சென்சார் சின்னது, ஜூம் ஜாஸ்தி."

"இருபது பெருசா, பன்னிரண்டு பெருசா?" என்றார் மாமா.

"எத்தனை புள்ளின்னு பார்க்கக் கூடாது மாமா. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் கிடைக்குதுன்னு பார்க்கணும்," என்றாள் சின்னவள். உதடு ஒட்டிப் பிரிய வேண்டிய எழுத்துகள் எல்லாம் அவள் வாயில் வழுக்கின.

"வாயே பாதிதான் வேலை செய்யுது. அதுல பாடம் வேற," என்று மாமா விற்பனையாளரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

விற்பனையாளருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பேச்சை மாற்ற நினைத்து இருபதைக் கையில் எடுத்தார். "இதுல ஸ்மைல் ஷட்டர் இருக்கு சார். பட்டனே அமுக்க வேண்டாம். முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கும். சிரிச்சாதான் எடுக்கும்."

மாமாவின் பக்கம் காட்டினார். மாமா பல் முழுவதையும் காட்டினார். டிக். அக்கா சிரித்தாள். டிக். ஒரு வேகத்தில் அப்படியே சின்னவளிடம் திருப்பிவிட்டார். அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு முயன்றாள். இடது கன்னம் மேலேறியது. வலது கன்னம் எனக்கென்ன என்று கிடந்தது. கேமரா காத்திருந்தது. கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வெளிச்சம் கம்மி," என்றார் விற்பனையாளர்.

"வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமா. அவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "இதையே பேக் பண்ணுங்க."

சில மாதங்களுக்கு முன் சின்னவளுக்கு மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அதற்கு முன்னால் அவள் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தாள். நிச்சயமும் ஆகியிருந்தது. கையும் காலும் திரும்பி வந்துவிட்டன. முகம் முழுதாக வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் மாமா தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்வார்.

டாக்டர் அன்பாகத்தான் விளக்கினார். "சிரின்னு சொல்லி சிரிக்கறதுக்கு மூளையில ஒரு வழி. தானா வர்றதுக்கு வேற வழி. உங்களுக்கு முதல் வழிதான் கெட்டிருக்கு. சிரிப்போ அழுகையோ, தானா வந்தா ரெண்டு பக்கமும் சரியா வரும்."

தானாகச் சிரிப்பு வருகிற மாதிரி அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

விடுதி மேனேஜர் அவளை மறக்கவில்லை. பழைய வேலையும் மாடியில் தங்க ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வரவேற்பு மேசை ஆயிற்றே; சிரித்த மாதிரி ஒரு படம் அனுப்பு, முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்றார். பழைய கேமராவில் அக்கா எடுத்த படத்தை அனுப்பினாள். 'இன்னும் கொஞ்சம் நல்லா சிரிச்ச மாதிரி' என்று பதில் வந்தது. அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. சின்னவள் ராத்திரி பகலாக அந்தத் தாழ்ப்பாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதுக் கேமராவை மாமா முதலில் ஏதோ ஆபீஸ் விசேஷத்துக்கு என்று கொண்டுபோனார். அக்காவும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடப் போனாள். அடுத்த விடுமுறை நாளன்று, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்து, சின்னவளைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"அந்த ஸ்மைல் ஷட்டரை எடுத்துட்டு நான் பட்டனை அமுக்கறேனே," என்றாள் அக்கா.

"அமுக்கி என்ன பண்றது? கோணல்தான் வரும். கேமராவே ஒத்துக்கலைன்னா மேனேஜர் எப்படி ஒத்துக்குவார்? இது எப்ப டிக்குன்னு சொல்லுதோ, அதுதான் சிரிப்பு."

அக்காவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஏன், சின்னவளுக்கே நியாயமாகத்தான் பட்டது. எவ்வளவு சிரித்தால் எடுக்க வேண்டும் என்று அதில் மூன்று அளவு இருந்தது. மாமா 'பெரிய சிரிப்பு' என்பதில் வைத்தார்.

அக்கா தெரிந்த ஜோக்கையெல்லாம் சொன்னாள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிற வழக்கம் அவளுக்கு. மாமா சின்னவளின் நடையை நடந்து காட்டினார். அவள் 'மாமா' என்று கூப்பிடுவதைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்து, எட்டிப் பார்த்த அவள் முகத்துக்கு டிக் என்றது கேமரா.

"நீ தள்ளுடி! உனக்கா வேலை கேட்டோம்?"

சின்னவள் விரலால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்தாள். விரலை எடுத்ததும் கன்னம் இறங்கியது. கேமராவின் சின்ன விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"விடுங்க மாமா, வராது."

"வராதுன்னா? எங்க தலையிலேயே இருந்துடலாம்னு பார்க்கறியா?" மாமா சோபாவில் சாய்ந்து காலை நீட்டினார். வானிலையைச் சொல்கிற குரலில் ஆரம்பித்தார். "அன்னிக்கு ஆபீஸ் விசேஷம்னு போனோமே. அது ஆபீஸ் இல்ல."

"வேண்டாங்க," என்றாள் அக்கா.

"அந்தப் பையனோட கல்யாணம். உன்னை ஆஸ்பத்திரியில பார்த்துட்டுப் போனானே, அவன்தான். சாப்பாடு பிரமாதம். உங்க அக்கா ஐஸ்கிரீம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா. பொண்ணு என்ன அழகுங்கறே! இதே கேமராதான். அது சிரிச்சுக்கிட்டே இருந்துச்சா, இதுவும் டிக் டிக்னு ஓயவே இல்ல."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

முதலில் மூக்கின் இரண்டு பக்கமும் இறுகியது. பிறகு உதடுகள் விரிந்தன, இரண்டு ஓரமும் ஒரே மாதிரி. கன்னங்கள் மேலேறிக் கண்களைச் சுருக்கின. பற்கள் தெரிந்தன. கண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை.

டிக்.

மாமா துள்ளி எழுந்தார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடியே, இங்க வா! வலது பக்கம் பாரு, இடது பக்கம் பாரு. ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி!"

அக்கா வந்து பார்த்தாள். படத்தில் இருந்தது அழகான பெண்தான். நாற்காலியில் இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே நல்லா இருக்குடி," என்றாள் அக்கா மெதுவாக. "அனுப்பிடவா?"

சின்னவள் பொத்திய கைக்குள்ளிருந்தே தலையாட்டினாள்.

அன்று மாலையே பதில் வந்தது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, உடனே வந்து சேரலாம். மாமா அதை உரக்கப் படித்தார். "என்னால வந்த வேலை. ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

விடுதியில் மேனேஜர் வாசல்வரை வந்து வரவேற்றார். அறைச் சாவியைக் கொடுத்தார். அவள் மாடிக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். மேசைக்குப் பின்னால் நின்றாள். முதலாளி எதிரே சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, அந்தப் படத்துல சிரிச்ச மாதிரி சிரிங்க பார்ப்போம்," என்றார் மேனேஜர்.

இடது கன்னம் மேலேறியது.

"டென்ஷனா? பரவாயில்ல. இன்னொரு தடவை."

முதலாளி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு குடும்பம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் சார், வீட்டுக்கு ஒரு போன்," என்று சின்னவள் மேசைமேலிருந்த தொலைபேசியை எடுத்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மாமா ஆபீஸில் இருந்தார். பின்னால் இரைச்சல்.

"மாமா, நான்தான். ஏதாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"அன்னிக்குச் சொன்ன மாதிரி. சீக்கிரம். ஆளுங்க வராங்க."

புரிந்துகொண்டதும் மாமாவின் மூச்சில் ஒரு சந்தோஷம் வந்தது. அவர் யாரிடமோ, "இருங்கண்ணே, கொழுந்தியா. சிரிக்கறதுக்கு நான் வேணுமாம்," என்றார். அங்கே சிலர் சிரித்தார்கள். பிறகு அவளிடம் சொன்னார்:

"இப்ப வேலையா இருக்கேன். அப்புறம் கூப்பிட்டுக் கெஞ்சு, பார்க்கலாம்."

இணைப்பு அறுந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் இறுக, அவள் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கதவு திறந்தது. பெட்டியோடு உள்ளே வந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குப் பளிச்சென்று சிரித்தாள்.

"ஆங், இதுதான்," என்றார் மேனேஜர். "இப்படியே இருங்க."