அக்கா கடைத் தரையும் இரண்டு வாளித் தண்ணீரும்

அக்காவின் தையல் கடைத் தரையைப் பெயர்க்க அத்தான் ஆள் சொல்லிவிட்டார் என்று கேட்டதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். டைல்ஸ் ஒட்டுவதும் கெட்டுப்போனதைச் சரிபண்ணுவதும்தான் என் பிழைப்பு. கூடப்பிறந்தவள் கடைத் தரையை வேறொருவன் பிளக்க விடுவேனா?

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சீருடைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. இப்போது கடையை மூடினால் வாடிக்கை எதிர்த் தெருவுக்குப் போய்விடும். போனது திரும்பாது. அக்காவுக்குத் தூக்கமே இல்லை.

தரை முழுக்கப் பழைய பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ். சுவரோரம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து மேல்பக்கம் உதிர்ந்துகொண்டிருந்தது.

"தரைக்குச் சொறி புடிச்சிருக்கு மாப்ள," என்றார் அத்தான். "வழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒட்டிரலாம்."

"சொறிக்கு யாராவது தோலை உரிப்பாங்களா அத்தான்? ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாக்காம புதுசு ஒட்டினா அதுக்கும் இதே கதிதான்."

"சரி, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் என்னைத் தடுக்கக்கூடாது."

வெளியே போய்ப் பார்த்தேன். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியில் விரிசல் விட்டிருந்தது. மழைத் தண்ணீர் எல்லாம் கல் அஸ்திவாரத்துக்குள் இறங்கி, அங்கிருந்து தரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே குழாயை மாற்றினேன். தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி மண்ணைச் சரித்தேன்.

இனி காய வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். சில நாள் கழித்து வந்தால் சுவருக்குச் சம்பந்தமே இல்லாத நடுத்தரையிலும் வெள்ளை பூத்திருக்கிறது! என்ன ஏது என்று புரியாமல் மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

உள்ளே அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர்.

"என்னக்கா பண்ற?"

"பாத்தா தெரியல? வெள்ளையா கெடந்தா வர்றவங்க என்ன நெனப்பாங்க? காலையும் சாயங்காலமும் துடைச்சுத் துடைச்சு இடுப்பு ஒடியுது."

"நீ உப்பைக் கழுவலக்கா. கரைச்சு மறுபடியும் தரைக்கே ஊட்டிவிடுற."

"உனக்கே ஊட்டி வளத்த கைடா இது. எனக்குச் சொல்ல வந்துட்டான்!"

வாளி, துடைக்கிற துணி எல்லாவற்றையும் என் வண்டியில் ஏற்றினேன். காய்ந்த பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து, உப்பை ஈரம் படாமல் தேய்த்து அள்ளி வெளியே கொட்டச் சொன்னேன். வாசல் வரை துரத்தி வந்து திட்டினாள்.

"திருட்டுப்பயலே, வாளியாவது குடுடா!"

ஆனால் தேய்த்தாள். சீருடைத் துணியில் தூசி ஒட்டாமல் மூடி வைத்துவிட்டுத் தினமும் தேய்த்தாள்.

மாசக் கடைசியில் உடைக்கிற ஆள் மெஷினோடு வந்து நின்றார். நடுத்தரை சுத்தமாக இருந்தது. சுவரோரம் மட்டும் லேசாக வெள்ளை.

"இன்னும் பூத்திருக்கே மாப்ள. பேச்சு பேச்சுதான்," என்றார் அத்தான்.

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா எழுந்தாள். சுவரோரத்தைத் தேய்த்து, கிடைத்ததை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"முந்தியெல்லாம் முறத்துல அள்ளுவேன். இன்னிக்கு ஒரு சிட்டிகை. அள்ளுற எனக்குத் தெரியாதா? அண்ணே, உடைக்கறதா இருந்தா என்னையும் என் தையல் மெஷினையும் தூக்கி வெளிய வச்சுட்டு உடைங்க."

உடைக்க வந்தவர் சிரித்துவிட்டார். "தூக்குற கூலி பேசலியே சார்."

அத்தான் அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "போயிட்டு வாங்க," என்றார் அவரிடம்.

உதிர்ந்துபோன ஒரு வரிசையை மட்டும் சிற்றுளியால் மெல்ல எடுத்தேன். பக்கத்து டைல்ஸில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"புதுசு எப்ப வைப்ப?"

"அடி நல்லா காயட்டும் அத்தான். அதுவரைக்கும் பள்ளமாத்தான் இருக்கும்."

"அசிங்கமா இருக்காதா?"

"இருந்தா இருக்கட்டும்," என்றாள் அக்கா. பள்ளத்தில் காற்று படுகிற மாதிரி துணி அலமாரியை இழுத்துத் தள்ளி வைத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து அடுத்த கால்சட்டையை எடுத்தாள்.