யாரும் எழுப்பவில்லை

இருபத்தாறு வருடம் பாறையில் துளை போடும் எந்திரத்தைத் தாங்கிய தோள் அது. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடி ஒரு வருடமாகியும் சின்னப்பாவுக்கு வலது தோளில் வலி போகவில்லை. மல்லாந்து படுத்தாலும் வலித்தது, ஒருக்களித்தாலும் வலித்தது. இரவெல்லாம் சுவரோரம் உட்கார்ந்தே கழிப்பார்.

இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலை. நாற்காலியில் இரண்டு முறை கண்ணயர்ந்து பிடிபட்டுவிட்டார். இனி தூங்கினாலும் சரி, தாமதமாக வந்தாலும் சரி, அன்றோடு வேலை முடிந்தது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதைச் சின்னப்பா வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், தினமும் கூட வரும் கோவிந்தப்பா சீட்டுக்கட்டைக் கலைத்தபடி அவரைப் பார்த்தார்.

"கண்ணப் பாரு, கோவப்பழம் மாதிரி. நேத்தும் சிவராத்திரியா?"

"வருஷம் பூரா சிவராத்திரிதான்பா. படுத்தா இந்தக் கைய எங்க வெக்கறதுன்னே தெரியல."

ஜன்னலோரம் இருந்த டோரீன் எழுந்தாள். கண்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. "கை தொங்குனா தோளு இழுக்கத்தாண்ணா செய்யும். இங்க உக்காருங்க."

அவரை இடது பக்கம் சாயவைத்து, தன் ஸ்வெட்டரை மடித்து வலது முழங்கைக்கு அடியில் கொடுத்தாள். "வீட்லயும் முதுகுக்கு ரெண்டு தலகாணி, கைக்கு ஒண்ணு வெச்சு சாஞ்சாப்ல படுங்க."

"ஸ்வெட்டர் கசங்கும்மா."

"கசங்கட்டும். நான் இன்னா கல்யாணத்துக்கா போறேன்?"

முருகா என்று கண்ணை மூடினார். மாலூர் வருவதற்குள் குறட்டை கேட்டது. சீட்டை ஓங்கி அடிப்பவர்கள் மெதுவாக வைத்தார்கள். கடலைக்காரனை டோரீன் சைகையால் அனுப்பிவிட்டாள்.

வைட்ஃபீல்ட் வந்தது. எழுப்பப் போன கோவிந்தப்பாவின் கையை அவள் தடுத்தாள்.

"வேணாம்ணா. எத்தன நாள் தூக்கமோ. ஒரு நாள் லேட்டானா தலையா போய்டும்?"

ரயில் நகர்ந்தது.

கண்டோன்மென்டில் அவளே தொட்டு எழுப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா தூங்குனீங்களாண்ணா?"

சின்னப்பா வெளியே பெயர்ப்பலகையைப் பார்த்தார். வைட்ஃபீல்ட் எப்போதோ போயிருந்தது. "தூங்குனேம்மா" என்றார்.

பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் கத்தவில்லை. யூனிஃபார்மைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மாலை ரயிலில் டோரீன் அவருக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள். "திட்டுனாங்களாண்ணா? உங்கள ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு கர்த்தர்கிட்ட வேண்டிக்கினே இருந்தேன்."

உண்மையைச் சொன்னால் இனி யாருக்கும் முழங்கைக்கு ஒரு துணி கொடுக்கக்கூட இவள் தயங்குவாள் என்று அவருக்குத் தோன்றியது. வேலை போனது தன்னோடு போகட்டும்.

"ஒண்ணும் சொல்லலம்மா. டீ வாங்கிக் குடுத்தாங்க."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று அவள் கோவிந்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு மட்டும் வைட்ஃபீல்ட்ல எழுப்பிடு தாயி" என்றார் சின்னப்பா. அங்கே இறங்கி எந்தக் கேட்டில் போய் வேலை கேட்பது என்று யோசித்துக்கொண்டே கண்களை மூடினார். தூக்கம் வரவில்லை. அவர் தூங்குகிறார் என்று நினைத்து எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.