கரை ஒதுங்கிய உருண்டை

என் அண்ணிக்கு நேரலையில் பேசும்போது மட்டும் நாக்கில் தேன் ஒழுகும். கேமரா அணைந்துவிட்டால் "ஏய்", "இந்தா", "அங்க என்ன பராக்கு" என்பதோடு சரி. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தத் தேன்தான் எங்கள் மூன்று பேர் வயிற்றையும் நிரப்புகிறது.

எங்கள் வியாபாரம் இதுதான். அண்ணன் ஊரெல்லாம் அலைந்து பொருள் கொண்டுவருவான். இடிக்கிற வீட்டின் பித்தளைக் கைப்பிடி, யாரோ தூக்கிப் போட்ட இரும்பு வாளி, கடல் ஒதுக்கிய கட்டை, எது கிடைத்தாலும் சரி. அண்ணி அதைத் தேய்த்துக் கழுவி, ஒரு செடியைச் செருகி, படம் எடுத்து இணையத்தில் விற்பார். செடி வைத்தால் குப்பையும் விற்கும் என்பது அண்ணியின் நம்பிக்கை. இதுவரை அது பொய்த்ததில்லை. பொட்டலம் கட்டுவதும் ஆர்டர் வரும் போனைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

அண்ணனுக்கு இன்னொரு வேலை உண்டு. வந்த பாத்திரம் எதுவானாலும் அடியில் ட்ரில் வைத்து ஓட்டை போடுவான். தண்ணீர் வடிய வழி இல்லாவிட்டால் செடி அழுகும், வாங்கினவர்கள் காறித் துப்பி எழுதுவார்கள். நேரலை பார்க்கிறவர்கள் அவனுக்கு 'ஓட்டை மன்னன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. அண்ணி உட்கார் என்றால் உட்காருவான், துளை என்றால் துளைப்பான். அப்படி ஒரு அப்பாவியை என் அம்மா எப்படிப் பெற்றாளோ.

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ராக்கெட் ஏவும் தளம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஏவுவது கண்ணெதிரே தெரியும். அதையும் காசாக்க முடியும் என்று கண்டுபிடித்தவர் அண்ணிதான். ராக்கெட் போகும் நாளில் மாடியில் நேரலை வைப்பார். ராக்கெட் பார்க்க வருகிற கூட்டம் அது கிளம்பும்வரை பூச்சாடியையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

போன தடவை ராக்கெட் போய்ச் சில நாள் கழித்து, கட்டை பொறுக்கப் போன அண்ணன் கடற்கரையிலிருந்து ஓர் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெரிய பூசணிக்காய் அளவு இருக்கும். மேலே கறுப்பு நார் சுற்றி, பாதி உரிந்து, உள்ளே வெள்ளையாக உலோகம் மின்னியது. அவ்வளவு பெரிய பொருளுக்கு எடையே இல்லை. ஒரு முனையில் விரல் தடிமனுக்குக் குழாய் ஒன்று நசுங்கி மூடிக் கிடந்தது. ஆட்டினால் உள்ளே கொஞ்சமாக ஏதோ அலம்பியது.

"கடல் தண்ணி புகுந்திருக்கும்" என்றான் அண்ணன்.

"தண்ணி உள்ள போன வழிய காணோமே" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். பொட்டலத்தக் கட்டு" என்றார் அண்ணி.

பின்பக்கத்துப் புல்தரையில் அது கிடந்தது. கிடந்த இடத்தில் புல் வாடியது. பக்கத்தில் இருந்த ரோஜாச் செடி இலை கருகி நின்றது. நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று அண்ணி என்மேல் பாய்ந்தார். நான் தினமும் ஊற்றினேன். பின்பக்கமே பழியாய்க் கிடக்கும் எங்கள் பூனை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. நானும் அந்த உருண்டையை விட்டு விலகியே நடந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ராக்கெட் நாள் வந்தது. பொழுது சாயும் நேரம். மாடியில் இரண்டு போன்களை நிறுத்தினோம். அண்ணியின் போன் அண்ணியைப் பார்த்தது. அண்ணனின் போன் கடலைப் பார்த்தது. ஆர்டர் போன் என் மடியில். ஜாடிகளும் வாளிகளும் விற்று முடிந்ததும், கடைசியாக உருண்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தார் அண்ணி.

"தங்கங்களா, இத பாருங்க. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. மேல வட்டமா வெட்டி ஒரு செடி வெச்சா, வாசல்ல நிலா வந்து உக்காந்த மாதிரி இருக்கும்!"

இதயங்கள் பறந்தன. கருத்துகளை அண்ணி உரக்கப் படித்தார். "என்னது, தண்ணி வடிய ஓட்டை இருக்கான்னு கேக்கறீங்களா? எங்க வீட்டு மன்னர் எதுக்கு இருக்காரு? என்னங்க, இத கீழ கொண்டுபோய் முதல்ல அடியில ஒரு ஓட்டை போட்டுக் கொண்டாங்க. ராக்கெட் கிளம்பறதுக்குள்ள வரணும்!"

அண்ணன் கேமராவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, உருண்டையைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினான். கீழே பட்டறை அறையில் அவன் வேலை செய்யும் முறை எனக்குத் தெரியும். காதில் சத்தம் கேட்காமல் இருக்க உறை மாட்டுவான். தூள் வெளியே பறக்காமல் இருக்கக் கதவை உள்தாழ் போடுவான். இரண்டும் அண்ணி போட்ட சட்டம்.

அப்போதுதான் அந்தக் கருத்து வந்தது. அண்ணி படிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "அந்த உருண்டையை எங்க எடுத்தீங்க? தயவுசெஞ்சு துளைக்..." உதட்டைச் சுழித்தார். கேமராவுக்குத் தெரியாமல் என் பக்கம் குனிந்து, "வந்துட்டா பாரு கண்ணாடிக்காரி" என்று முணுமுணுத்து, அந்த ஆளைத் தடை செய்தார்.

கண்ணாடிக்காரி என்பவள் பழைய கண்ணாடி ஜாடி விற்கும் போட்டிக்காரி. பொய்ப் பெயரில் எங்கள் நேரலைக்குள் நுழைந்து, விரிசல் இருக்கிறது, வாங்காதீர்கள் என்று கொளுத்திப் போடுவாள். அண்ணியும் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. அவளுடைய நேரலையில் போய் இதையே செய்வார். இந்தத் தொழிலில் கெட்ட வார்த்தை ஒன்று வந்தால், அதை இரண்டாவது ஆள் படிக்குமுன் தடை செய்துவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் கூட்டம் கலைந்துவிடும்.

வேறு பெயரில் அது மறுபடி வந்தது. அண்ணியின் விரல் மறுபடி தட்டியது. மூன்றாவது முறையும் வந்தது. "சளைக்க மாட்டேங்கறா சனியன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

என் மடியில் போன் மணி அடித்தது. உருண்டை விற்றுவிட்டது. முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது, பேரம் இல்லை. நான் முகவரியைப் பார்த்தேன். முகவரி எழுதும் இடத்தில் முகவரி இல்லை.

"ஓட்டை போடாதீங்க. அது ராக்கெட்டோட எரிபொருள் டேங்க். உள்ள மிச்சம் இருந்தா கொடிய விஷம், தீயும் பிடிக்கும். அவர நிறுத்துங்க. எல்லாரும் வீட்ட விட்டு வெளிய போங்க. நீங்க படிக்கணும்னுதான் காசு கட்டினேன்."

நான் போனை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் படித்தார். அந்த முகத்தில் இருந்த தேன் வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

அதே நேரம் கடலுக்கு அப்பால் வெளிச்சம் எழுந்தது. ராக்கெட்டில் வெளிச்சம்தான் முதலில் வரும், சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேரும். இடையில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த அமைதியில் கீழே அண்ணனின் ட்ரில் ஓடுவது துல்லியமாகக் கேட்டது.

"என்னங்க!" என்று அலறினார் அண்ணி. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது அன்றுதான் தெரியும். அவனைப் போனில் கூப்பிடப் போனேன். அவன் போன் என் எதிரிலேயே நின்று வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

படியில் விழுந்தடித்து இறங்கினோம். பாதிப் படியில் சத்தம் வந்து சேர்ந்தது. சுவர் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ட்ரில் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எதுவும் தெரியவில்லை. அண்ணி இரண்டு கையாலும் பட்டறைக் கதவை அறைந்தார். நான் உதைத்தேன். எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. கடவுளே, அவனை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கத்தினேன். அதுவும் கேட்கவில்லை.

மெல்ல மெல்ல உறுமல் வானத்தோடு ஏறிப்போய்த் தேய்ந்தது. ட்ரில் சத்தமும் இல்லை. கதவிடுக்கிலிருந்து மீன் கவிச்சி போல ஒரு வாடை வந்தது. அன்று எங்கள் வீட்டில் மீனே வாங்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் காது உறையைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் சிரித்தான்.

"போட்டாச்சு. உள்ள இருந்த தண்ணி கொஞ்சம் கையில தெறிச்சுது. என்ன நாத்தம்டா சாமி! துணியில துடைச்சுட்டேன். ராக்கெட் போயிடுச்சா?"

கேட்டுவிட்டு இருமினான். இருமல் நிற்கவில்லை.

அண்ணி அவன் சட்டையைக் கிழித்தெறிந்து, தோட்டத்துக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, உளறிக் கொட்டி விலாசம் சொன்னேன். பிறகு அவனைக் கைத்தாங்கலாகத் தெருவுக்குக் கொண்டுவந்து எதிர்ச்சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். அவன் கை முழங்கைவரை சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. தெருவில் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் இரண்டு போன்களும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா எங்கே போனார் என்று நேரலைக் கூட்டம் கேட்டிருக்கும்.

அண்ணி அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. "என்னப் பாருங்க, கண்ண மூடாதீங்க. நான் சொன்னா எதையும் செஞ்சிடுவீங்களா? ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லக் கூடாதா?"

அண்ணன் இருமலுக்கு நடுவே மூச்சைத் தேடிப் பிடித்தான். அவனுக்கு வேறு கவலை.

"வித்துப்போச்சா? யாரு வாங்கினா?"

தூரத்தில் ஆம்புலன்சின் சங்கு கேட்டது. அண்ணி அவன் நெற்றியிலிருந்த தண்ணீரை முந்தானையால் ஒற்றினார்.

"வாங்காதீங்கன்னு சொல்ல வந்த ஆளுன்னு நெனச்சு, மூணு தடவை நான் வெளிய தள்ளினேனே," என்றார், "அவருதாங்க."