இறால் பெட்டியில் ஈரல்

இருபது வருடமாக வாவி இறால் விற்கும் அல்பேட்டுக்குத் தெரிந்த விஞ்ஞானம் ஒன்றுதான்: சதை எதுவானாலும் ஐஸ் வேண்டும். மனைவி மார்கிறட்டின் ஈரலில் ஊசி குத்தி எடுத்த துண்டை, மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு, வெளி ஆய்வுகூடத்தில் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் தந்தார்கள். அவன் அதை மோட்டார் சைக்கிளின் இறால் பெட்டிக்குள், உப்புப் போட்ட ஐஸில் கழுத்துவரை புதைத்தான். வழியில் நாலு வீட்டுக்கு இறாலும் நிறுத்துக் கொடுத்தான். போய்ச் சேரும்போது போத்தல் கல்லாகியிருந்தது.

“ஐஸில வைக்கச் சொல்லி ஆர் சொன்ன?” என்றார் ஆய்வுகூட டொக்டர் றுக்ஷானா.

“ஒருத்தரும் சொல்லல்ல டொக்டர். வைக்காத எண்டும் சொல்லல்ல.”

அவர் சிரிக்கவில்லை. “உறைஞ்சா சதையில உள்ள கலங்கள் வெடிச்சிரும். பாப்பம். வியாழக்கிழமை வாங்க.”

வீட்டில் மார்கிறட் மஞ்சள் கண்ணால் அவனை அளந்தாள். “என்ட ஈரலை இறாலோட வச்சிங்களா? விக்காம விட்டிங்களே, பெரிய காரியம்.” பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “இன்னொருக்காக் குத்த ஏலாதாம். ரத்தம் நிக்காதாம்.”

துண்டு பிழைக்கட்டும் என்று முதல்நாள் மாதாவிடம் மன்றாடினான். மறுநாள் யோசித்துப் பார்த்து, பழுதாகட்டும் என்று மாற்றி மன்றாடினான். ஒன்றும் தெரியாமலே இருந்துவிடலாம் அல்லவா? தன் மடைத்தனம் பலிக்க வேண்டும் என்று அவன் நேர்ந்துகொண்டது அதுதான் முதல்தடவை.

வியாழக்கிழமை றுக்ஷானா சுற்றிவளைத்தே தொடங்கினார். “ஈரல்ல காயம் பட்டா, ‘வந்து மூடு’ எண்டு கலத்துக்குக் கலம் செய்தி போகும். ஆறினதும் ‘போதும்’ எண்டு போகணும். உங்கட மனைவிக்குக் கிருமி வருசக்கணக்கா உள்ளுக்க இருந்ததால, முதல் செய்தி நிக்கவேயில்ல. மூடி மூடி ஈரல் தழும்பாப் போயிற்று. அதோட, ‘வளரு’ எண்ட செய்தியும் நிக்காமப் போனா…”

“எங்கட சந்தையில ஏலம் கூறுறவன் மாதிரி, டொக்டர். மீன் முடிஞ்சாலும் கத்துவான்.”

அவர் புன்னகைத்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான். அவன் பகிடி விட்டதும், தப்பினோம் என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அல்பேட் ஹெல்மெட்டை மடியில் இறுக்கிப் பிடித்தான்.

“நான் பகிடி விடுவன். நீங்க நிப்பாட்டாதீங்க. வீட்ட போனதும் அவள் என்ட முகத்தைத்தான் பாப்பாள். என்ட ஐஸால பழுதாப் போயிற்றா? பழுதெண்டு சொல்லுங்க டொக்டர், செருப்பால அடியுங்க, வாங்கிறன்.”

றுக்ஷானா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓரம் மட்டும்தான் பழுது, அண்ணன். நடுவில தெளிவா இரிக்கு. புற்றுநோய்தான்.”