ஒரு குழாய் மட்டும் சிவப்பு

துறைமுகப் பரிசோதனைக்கூடத்தில் அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? கரையில் நிற்கும் கப்பலில் கிருமி இல்லையென்றால் எல்லோரும் இன்றே இறங்கலாம். அதில் சமையல்காரன் அவள் புருஷன். மகள் தவழவே தொடங்கிவிட்டாள். அப்பன் கை இன்னும் பட்டதில்லை.

சோதனையும் அவள் குழு உருவாக்கியதுதான். சின்னக் குழாயில் சிவப்புத் திரவம், அதில் ஒரு சொட்டு எச்சில், அரை மணி நேரச் சூடு. கிருமியின் மரபணு துளி இருந்தாலும் பல கோடியாகப் பெருகித் திரவத்தை மஞ்சளாக்கிவிடும். குழாய்களை அடுக்கி ஒரு கப்பலையே ஒரே தட்டில் முடிக்கலாம்.

"முடிச்சுக் காட்டும்மா, எல்லாக் கப்பலுக்கும் இதையே வச்சுக்கலாம்" என்று துறைமுக டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கப்பலிலிருந்து எச்சில் டப்பாக்கள் வந்தன. சொட்டு விட்டாள். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். தட்டு முழுக்க மஞ்சள்.

"ஐயோ, மொத்தக் கப்பலுமா?" டாக்டர் எழுந்தேவிட்டார்.

ஒரு குழாய் மட்டும் சிவப்பாகவே நின்றது. அவள் புருஷனுடையது. உள்ளம் குளிர்ந்தது; மறுநொடி சுருக்கென்றது. தட்டை இன்னும் சூடே பண்ணவில்லையே! பெருகாத கிருமி நிறத்தை எப்படி மாற்றும்? புளிப்பு பட்டாலும் இந்தத் திரவம் மஞ்சளாகும். எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற ஆள் அந்தக் கப்பலில் ஒருவன்தான்.

போனை எடுத்தாள். "என்னங்க, எல்லாருக்கும் என்ன கொடுத்தீங்க?"

"பயத்துல ஒருத்தனுக்கும் எச்சில் ஊறல. ஆளுக்கொரு துண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தேன்."

"எதையும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"சாப்பிடலையே, சப்பத்தானே சொன்னேன்?"

"நீங்க?"

"எனக்கு எங்க மிஞ்சுச்சு?"

"நல்லா உதவி பண்ணீங்க, போங்க! எல்லாரையும் வாய் கொப்பளிச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்லுங்க." திட்டத் தொடங்கியவள் சிரித்துவிட்டாள். டாக்டரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை சொட்டு விட்டபோது எல்லாமே சிவப்பு. சூட்டிலிருந்து எடுத்த பிறகும் சிவப்பு. ஒப்பிட்டுப் பார்க்க அவளே கிருமி மரபணு சேர்த்த குழாய் மட்டும் சொன்னபடி மஞ்சளானது.

"அடுத்த கப்பலுக்கும் இதான்" என்றார் டாக்டர். "ஆனா முதல்ல எலுமிச்சம்பழத்தைப் பூட்டி வைக்கணும்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். மேலே அவன் வழக்கம்போல ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தான். ஒருவரும் நகரவில்லை.

"இன்னைக்கு நீ முதல்ல இறங்குடா!" என்று எல்லோருமாக அவனைப் பிடித்துத் தள்ளினார்கள்.

இறங்கி வந்தவன் மகளிடம் கையை நீட்டினான். அவள் அவன் விரலைப் பிடித்து நேராக வாயில் வைத்தாள். புளிப்பில் முகத்தைச் சுளித்தாள். பிறகு எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டே மறுபடியும் சப்பினாள்.