நட்டநடுவில் ஒரு கம்பம்

புகைப்படச் சங்கத்தில் அந்தக் கண்ணாடித் தாளுக்குச் சல்லடை என்று பெயர். நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு, மொத்தம் ஒன்பது கட்டம். போட்டிக்கு வருகிற ஒவ்வொரு இயற்கைக் காட்சிப் படத்தின் மேலும் சங்கத் தலைவர் அதை வைத்துப் பார்ப்பார். அடிவானம் மேல் கோட்டில் உட்கார வேண்டும், இல்லையென்றால் கீழ்க் கோட்டில். மரமோ பாறையோ கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நிற்கலாம். நட்டநடுவில் ஏதாவது நின்றால் தீர்ந்தது கதை. தலைவருக்குத் தொழில் பல் வைத்தியம். சொத்தைப் பல்லைப் பார்த்த முகத்தோடு படத்தை ஓரமாகத் தள்ளுவார்.

லைன் அக்காவின் படங்கள் ஆறு வருடமாக அந்த ஓரத்தில்தான் கிடந்தன. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை அவளுக்கு. அதனால் சங்கத்தில் அந்தப் பெயர். கட்டம் தெரியாமல் எடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஒன்பது கட்டமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதையும் நேருக்கு நேர் நின்று பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள், சிலருக்கு அது பிடிப்பதில்லை.

இந்த வருடம் முதல் பரிசு லேசுப்பட்டதல்ல. ஜெயித்தவருக்குக் கூடத்தின் நான்கு சுவர்களும் ஒரு மாதம் சொந்தம், அவருடைய படங்கள் மட்டுமே தொங்கும். அந்தச் சுவர்களுக்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் அனுப்பியது புயலுக்குப் பிறகு எடுத்த படம். சேற்றுவெளிக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடுகள் இருட்டில் கிடந்தன. வண்டி உள்ளே போகாது. பன்னிரண்டு பேர் கான்கிரீட் கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள், அவளும் அதில் ஒருத்தி. இரண்டு முறை நட்டார்கள், இரண்டு முறையும் சேறு விழுங்கிவிட்டது. நான்காம் நாள் அடியில் கல் கொட்டி நட்டபோதுதான் நின்றது, அதுவும் ஒரு சாண் சாய்ந்து. உச்சி வெயிலில், சேற்றுக் கையைத் துடைத்துவிட்டு, அவள் படம் எடுத்தாள். கீழ்ப் பாதி சேறும் கால் தடங்களும். மேல் பாதி வெளுத்த வானம். நட்டநடுவில் அந்தக் கோணல் கம்பம். தூரத்தில் பொட்டுப் பொட்டாக வீடுகள்.

அச்சுப் போட்டுச் சங்கத்தில் சேர்க்கச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தாள். சங்கக் கூடத்துக்கு அடுத்த கட்டிடத்தில் அவன் அச்சுக்கடை வைத்திருந்தான். முதல் பரிசு என்று செய்தி வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை. கூடக் கம்பம் தூக்கிய ஃபோர்மேனை விழாவுக்குக் கூப்பிட்டாள். அவர் சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டையோடு அவளுக்கு முன்பே வந்து படத்தின் எதிரில் நின்றிருந்தார்.

"கம்பம் எங்கம்மா?" என்றார்.

சுவரில் தங்க நிறத்தில் ஒரு மாலை வானம் தொங்கியது. சேற்றில் ஒரு கால் தடம் இல்லை. அடிவானம் சமத்தாகக் கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தது. அடியில் அவள் பெயர்.

தம்பி பின்னாலேயே நின்றான். கல்யாணப் படங்களில் பரு எடுத்து, வயர் எடுத்துப் பழகிய கை அவனுக்கு. "அக்கா, கோவப்படாத. ஆறு வருஷமா நீ முகத்தத் தொங்கப் போட்டுட்டு வர்றத பார்த்துட்டேன். இந்தத் தடவை ஜெயிச்சிட்டல்ல?"

"கம்பத்த என்ன பண்ண?"

"எடுத்துட்டேன். நட்டநடுவுல கோணலா நின்னுச்சு, கண்ண உறுத்துச்சு."

"பன்னெண்டு பேர் நாலு நாள் நட்டதுடா அது. எவ்வளவு நேரத்துல எடுத்த?"

தம்பி தரையைப் பார்த்தான். "பத்து நிமிஷம்."

ஃபோர்மேன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தம்பியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் திருத்துவதற்கு முன்னால், அப்படியே முழு அளவில் ஒரு அச்சு எடுத்து வைத்துவிடுவான், வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் காட்ட. "போய் அத எடுத்துட்டு வா. வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தாச்சு" என்றாள். அவன் போனான்.

மேடையில் தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டினார். "ஆறு வருஷம் கழிச்சு நம்ம லைன் அக்கா கட்டத்துக்குள்ள வந்துட்டாங்க!" கூடம் சிரித்துக் கைதட்டியது.

அவள் மேடைக்குப் போகவில்லை. நேராகச் சுவருக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றினாள். மேசையில் கவிழ்த்து, பின் அட்டையைத் திறந்து, தங்க வானத்தை உருவினாள். தம்பி மூச்சிரைக்கக் கொண்டுவந்த அச்சை உள்ளே வைத்து நிமிர்த்தினாள்.

"நான் எடுத்தது இதுதான் சார். இதுக்குப் பரிசு குடுக்கறதா இருந்தா குடுங்க."

தலைவர் இறங்கி வந்தார். பழக்க தோஷம், சல்லடையை எடுத்து மேலே வைத்தார். "அடிவானம் நடுவுல. கம்பம் நடுவுல. உச்சி வெயில். முன்னாடி பூராவும் வெறும் சேறு. ஒரு விதியக்கூட மிச்சம் வைக்கலையேம்மா!"

"எண்ணிப் பார்த்துதான் உடைச்சேன் சார்."

"பார்க்கிறவங்க கண்ணு நகர இடமே இல்லையே."

"நகர வேண்டாம் சார். அங்கேயே நிக்கட்டும். நாங்க நாலு நாள் நின்னோம்."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "இதுக்குப் பரிசு தர முடியாதும்மா. அந்தப் படத்தையே திரும்ப மாட்டிட்டுப் போங்க, நான் ஒண்ணும் பார்க்கல. நாலு சுவரையும் விட்டுடாதீங்க."

அவள் நான்கு சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று மனதுக்குள் எத்தனையோ முறை மாட்டிப் பார்த்த சுவர்கள். ஆசை இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"சுவர் வேணும் சார், ரொம்ப நாளா வேணும். ஆனா இதுக்குப் பதிலா வேண்டாம்" என்றாள். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கூடத்தின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு மின்கம்பம் உண்டு. சங்கத்துக்கு அது தீராத தலைவலி. விழாவுக்கு விழா குழுப்படம் எடுக்கும்போது எல்லோரும் அது தெரியாதபடி ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். மாற்றச் சொல்லி வாரியத்துக்கு மூன்று மனு போட்டிருந்தார்கள். கம்பங்களில் யாராவது பலகை கட்டினால் அறுத்துப் போடுவது மாதா மாதம் லைன் அக்காவின் வேலை. கட்டினால் அபராதம் என்று அவளே கத்தியிருக்கிறாள்.

அவள் பையிலிருந்து கட்டுக்கம்பிச் சுருளை எடுத்தாள்.

"அம்மா, அது தப்பும்மா" என்றார் ஃபோர்மேன்.

"தெரியும். நாளைக்குக் காலைல நானே வந்து அறுத்துப் போடுறேன். நீங்க ரிப்போர்ட் எழுதுங்க."

ஃபோர்மேன் ஒரு நிமிடம் தாடையைச் சொறிந்தார். பிறகு வந்து சட்டத்தின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கம்பியைச் சுற்றி முறுக்கினாள். படத்துக்குள்ளிருந்த கம்பமும் வெளியே நின்ற கம்பமும் அநேகமாக ஒரே கோட்டில் வந்தன.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைவரும் கையில் சல்லடையோடு படியில் நின்றார். வெளியே வருகிற யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் தெருவில் இறங்க முடியாது. சிலர் முணுமுணுத்தார்கள், ஒரு அம்மாள் கிட்டே வந்து அந்த வீடுகளை விரல் வைத்து எண்ணினாள். தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. கடையில் நிற்பதுபோல இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் வலது பக்கம் தள்ளு."

"எதுக்குடா?"

"இன்னும் நடுவுல வரல."