ஒன்றாம் நம்பர் படம்

சூசைமாணிக்கத்தை ஒருவரும் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானத்துக்கும் இல்லை, புதுநன்மைக்கும் இல்லை. அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டைப் பார்த்தபடி ஸ்டுடியோ வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. சேலத்தில் எந்தப் பங்குக் கோயிலில் துக்க மணி அடித்தாலும், கோயில்பிள்ளை கயிற்றை விடுவதற்குள் ஆள் வந்து அவர் கதவைத் தட்டும். பெட்டியில் கிடத்தி, தலைமாட்டில் சிலுவையோடு பாடுபட்ட சுரூபம் வைத்து, சுற்றிலும் சொந்தபந்தம் நிற்க, அடக்கத்துக்கு முன்னால் ஒரு படம். அது எடுக்காமல் பெட்டியை மூடமாட்டார்கள். அந்தப் படத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று சொல்லும் அதே வாய், "அந்தாளா? எழவுப் படக்காரரல்ல? நல்ல காரியத்துக்கு வேண்டாமப்பா" என்றும் சொல்லும். மனுஷர்களைப் பற்றி வேறென்ன சொல்ல!

துக்க வீட்டில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அவருடையது பழைய மடிப்புக் கேமரா. ஒரு படம் எடுத்தால், அடுத்த படத்துக்கு மேலே இருக்கும் குமிழைக் கையால் திருகிச் சுருளைச் சுற்ற வேண்டும். பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் ஒன்று போய் இரண்டு வரும். சுற்றாமல் எடுத்தால் படத்தின் மேலேயே படம் விழும். திருகும்போது கரக் கரக்கென்று சத்தம் கேட்கும். அழுகிற வீட்டில் அந்தச் சத்தம் அசிங்கம் என்று அவருக்கு ஆரம்பத்திலேயே பட்டுவிட்டது. அதனால் ஒரே ஒரு படம் எடுப்பார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கேமராவை மடித்து, படி இறங்கித் தெருவுக்கு வந்து, அந்த ஆத்துமாவுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் குமிழைத் தொடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல. பழகிப் பழகிக் கை தானாகவே செய்தது.

அவர் மனைவி மரியபுஷ்பம் அந்தக் கேமரா இருந்த அலமாரிப் பக்கமே போகமாட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. "உங்க பொட்டி பொணத்தைப் பாத்துப் பாத்தே பழகிப்போச்சுங்க. அது என்னைப் பாக்க வேண்டாம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் உள்ளுக்குள் நிஜமான பயம் இருந்தது. நெஞ்சில் கோளாறு வேறு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கும். பார்த்த டாக்டர், மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும், கனம் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷத்து மார்கழியில் நாமக்கல்லிலிருந்து முகம்மது ஹனீப் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருக்கும் கடைவீதியில் ஸ்டுடியோ. பம்பாயில் சில வருஷம் இருந்ததில் இந்துஸ்தானி சரளமாக வரும். கேமரா விற்கும் ஒரு கம்பெனி, ராஜஸ்தானத்தில் பிகானீருக்கு அப்பால் பாலைவனத்தில் பதினைந்து நாள் படப் பயிற்சி முகாம் நடத்துகிறது. ஹனீப் தன்னோடு இன்னொருவரைக் கூட்டிவரலாம் என்று அதில் எழுதியிருந்தது.

"சர்ட்டிபிகேட்டு குடுக்கறாங்க மாணிக்கம். கண்ணாடி போட்டு செவுத்துல மாட்டிப் பாருங்க. உசுரோட இருக்கறவன் நாலு பேரு கடையேறுவான்" என்றார் ஹனீப்.

சூசைமாணிக்கம் தயங்கினார். மனைவியின் உடம்பு அப்படி. ஆனால் அவளே அடுப்படியிலிருந்து வந்து, "போயிட்டு வாங்க. எங்க அண்ணன் சவரியாரு இருக்குது, அன்னாளு இருக்குது, எனக்கென்ன?" என்றாள். அன்னாள் அவர்களுடைய ஒரே மகள், பதினான்கு வயது. பிறகு மரியபுஷ்பம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உசுரோட இருக்கறவங்களைப் புடிச்சுப் பழகிக்கிட்டு வாங்க. மொதப் படம் என்னையே எடுங்க. நான் பயப்படுலீங்க."

பயப்படவில்லை என்றாளே, அதைச் சொல்லும்போது கழுத்தில் கயிற்றோடு தொங்கிய மாதா உத்தரியத்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த இரண்டாம் நாள், சேலம் ஜங்ஷனில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. புதுச் சுருள், முதல் நம்பர். மரியபுஷ்பம் ஊதாப் புடவை கட்டி, கையில் புளிச்சோற்றுத் தூக்கோடு பிளாட்பாரத்தில் நின்றாள். "தூக்கைக் கீழ வையி" என்றார் அவர். "இருக்கட்டுமுங்க, கை என்ன பண்றதுன்னு தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவர் விசையை அழுத்தினார். ரயில் ஊதியது. அவர் கேமராவை மடித்துக்கொண்டு ஏறினார். வண்டி நகரும்போது அவள் மூச்சிரைக்க நாலு எட்டு ஓடிவந்து, தூக்கை ஜன்னல் வழியே அவர் மடியில் திணித்தாள். ஓடாதே ஓடாதே என்று இவர் உள்ளிருந்து கத்தினார்.

மெட்ராஸ், டில்லி, அங்கிருந்து பிகானீர். பிறகு லாரியில் பத்து மைல், கூடாரங்கள். கூடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு பனைமரம், ஒரு வேலி, ஒரு கரடு, கண்ணைக் கொண்டுபோய் வைக்க எதுவும் கிடையாது. மோகனூரில் கோடையில் காவிரி வற்றினால் அவர் பார்த்திருக்கிறார், அக்கரை வரை மணல்தான். ஆனால் அங்கே இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். இங்கே வந்த அன்று யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து முழங்கை மறையத் தோண்டிப் பார்த்தார். மணல்தான் சரிந்து குழியை மூடியது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

வாத்தியார் பம்பாய்க்காரர். முப்பது வயதுகூட இராது. நாற்பத்தைந்து வயது சூசைமாணிக்கத்தை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார், ஹனீப் மொழிபெயர்த்தார். ஒரு நாள் முழுக்க யாரும் கேமராவைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மணலைப் பார்க்காதீர்கள், மணல் எங்கும் ஒரே மாதிரிதான்; நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள் என்றார். பச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இருந்தாலும் அது நிஜம். காலையில் மேட்டின் ஒரு பக்கம் கண் கூசுமளவு வெளுக்கும், மறுபக்கம் கத்தியால் வெட்டியது போலக் கறுக்கும். சூசைமாணிக்கத்துக்கு அது பிடித்துப்போனது. அசையாததைப் பார்த்துப் பழகியவரல்லவா?

மறுநாள் விடிந்ததும் குளிரில் பல் கிட்ட ஒரு மேட்டடியில் நின்று படம் எடுத்தார். கண்ணாடிக்குள் முக்கால்வாசி வெயில் மணல், கீழே வலது மூலையில் ஒரு துண்டு நிழல். அழுத்திய கையோடு கேமராவைத் திருப்பி, சுற்றுவதற்காகச் சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.

ஒன்று என்றிருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று ஹனீப் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அடடே, ஊட்டுக்காரி மேலயே மணலைக் கொட்டிட்டீங்களா!" என்று சிரித்தவர், இவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார்.

"சுத்தலீங்க பாய். ஸ்டேஷன்ல எடுத்துட்டு நான் சுத்தவே இல்லை."

"சரி உடுங்க. மறதிதானே? ஊருக்குப் போயி இன்னொன்னு எடுத்தாப் போச்சு."

"மறதி இல்லீங்க. எழவூட்டுல எடுத்தாட்டம் எடுத்து மடிச்சு வெச்சுட்டேன். எங்கையி அவளைப் பொணமாட்டம் நெனச்சுப்போட்டுது."

ஹனீப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் சூசைமாணிக்கம் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தார். எழுதினால் அவள் பயந்துவிடுவாள், பயந்தால் நெஞ்சு தாங்காது, நேரில் போய் அவளை உட்கார வைத்துப் பத்துப் படம் எடுத்துவிட்டால் சரியாய்ப் போகிறது என்று யோசித்தார். ஆகவே இப்படி எழுதினார்: "உன் படம் நன்றாக வந்திருக்கிறது. சிரித்த முகமாக இருக்கிறாய். வாத்தியாரே பார்த்துப் பாராட்டினார்." கடைசி வரி வேண்டாத பொய். எழுதுகிற வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. அந்தச் சுருளைப் பாதியிலேயே கழற்றிக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டார்.

ஒரு வாரம் கழித்து ரொட்டி கொண்டுவரும் லாரியில் தந்தி வந்தது. மரியபுஷ்பத்துக்கு ஆபத்து, உடனே புறப்படவும், சவரியார்.

நாலு நாள் ரயிலில் அவர் என்ன தின்றார், எங்கே தூங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. ஹனீப் பயிற்சியை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். வந்து இறங்கியபோது அடக்கமாகி மூன்று நாள் ஆகியிருந்தது.

மைத்துனர் சவரியார் கட்டிப்பிடித்து அழுதார். அழுது ஓய்ந்த பிறகு சொன்னார்: "படம் ஒண்ணு எடுத்தரலாம்னு பேட்டையில இருந்து வேற ஆளைக் கூட்டியாரப் பொறப்பட்டனுங்க மச்சான். ஆனா புஷ்பம் முந்தின நாளே சத்தியம் வாங்கிருந்துச்சு, அதான் போவுலீங்க. 'என்னைப் பொட்டியில வெச்சு யாரும் படம் புடிக்கக் கூடாது. நான் சிரிச்ச படம் அவருகிட்ட இருக்குது, அதைக் கொண்டாருவாரு, அதையே மாட்டுங்க'ன்னு சொல்லுச்சு. மூடறதுக்கு முந்தி சாமியாரும் கேட்டாரு, படம் எடுக்கலியான்னு. இருக்குதுங்க சாமின்னு சொல்லிப்போட்டேன்."

அன்னாள் கதவோரம் நின்றிருந்தாள். "உங்க கடுதாசிய அம்மா மூணு வாட்டி படிக்கச் சொன்னாங்கப்பா. வாத்தியாரு பாராட்டினதை மட்டும் தனியா இன்னொருக்கா படிக்கச் சொல்லி, படிக்கப் படிக்கச் சிரிச்சாங்க. படத்தை எடுங்கப்பா, பாக்கலாம்."

சூசைமாணிக்கம் பெட்டியின் அடியில் கைவிட்டுக் கறுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். இன்னும் கழுவவில்லை, இரு சாமி என்று மட்டும் மகளிடம் சொல்லி இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதும் மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. வெயில் மணல் விழுந்த இடம்தான் அழிந்திருக்கும்; முகம் ஒருவேளை நிழலில் விழுந்திருந்தால்? ஆண்டவரே, அந்த ஒரு மூலையில் விழுந்திருந்தால்?

விழவில்லை. வெயில் மணல் எல்லாவற்றையும் தின்றிருந்தது. நெற்றி, கண், அந்தச் சிரிப்பு, ஊதாப் புடவை, எதுவும் இல்லை. மேட்டு மணலின் வெளுப்பில் ஒரு தலை இருந்த இடத்தைத் தேடித் தேடிக் கண் எரிந்தது. வலது மூலையில் நிழல் விழுந்த துண்டில் மட்டும் ஒரு கை இருந்தது. மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல், விரல்களில் கோத்த தூக்குப் பிடி, தூக்கின் மூடியில் அடிபட்ட நெளிவுகூட அச்சாக விழுந்திருந்தது. அவருக்காகக் கட்டின சோறு. நடுப் பாலைவனத்தில், ஆளில்லாமல், அதை ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். பதினெட்டு வருஷமாக எத்தனையோ வீட்டு அழுகையை நின்று பார்த்தவர், தன் வீட்டில் அழ இந்த அறையைத்தான் கண்டார்.

வெளியே வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை. சுற்றாமல் விட்டது, ஏன் சுற்றாமல் விட்டார் என்பது, கடிதத்தில் எழுதினது பொய் என்பது. அன்னாள் ஈரப் படத்தை இரண்டு கையிலும் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்தப் படம்தான் பீடத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். "என்னத்தைங்க இது, வெறும் மணல்காடாட்டம் இருக்குது? ஊருக்கெல்லாம் எடுத்தாரு, கட்டினவளுக்கு ஒரு படம் இல்லையா?" என்று பின்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தது நன்றாகவே காதில் விழுந்தது. அன்னாள் எழுந்து போய் வலது மூலையில் விரல் வைத்தாள். "இது எங்கம்மா கை" என்றாள்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனார்கள். மண் இன்னும் இறுகவில்லை. சவரியார் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் தள்ளிப் போனார். சூசைமாணிக்கம் முழங்காலில் நின்றார். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முப்பது நாளும் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தார். "புஷ்பம், அந்தப் படம் வந்துங்கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

அன்னாள் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்டச் சொல்ல வேண்டாங்கப்பா" என்றாள். "அவங்க நல்லா வந்திருக்குதுன்னுதான் நெனச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. நல்லா வந்திருக்குதுன்னே சொல்லிருங்க."

மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது. அன்னாள் மறுபடி ஏற்றினாள். அவர் மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"படம் நல்லா வந்திருக்குது புஷ்பம். சிரிச்ச மொகமா இருக்கறே."